லூர்தம்மாள் வேஷம்

வலது தோள்பட்டையில் யாரோ கடப்பாரையை வைத்து நெம்புகிற மாதிரி இருந்தது ஆரோக்கியமேரிக்கு. காலை எட்டு மணிக்குக் குனிந்தவள். தகரம் தனி, கம்பி தனி, வார்ப்பிரும்பு தனி என்று பழைய இரும்புக் குவியலைப் பிரித்துப் போட்டுப் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்தபோது அந்தக் கை அவளுடைய கையாகவே இல்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக்கூட ஏறவில்லை. இடதுகையால் பிடித்து நின்றபடியே வந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைக்கு இரும்பு பிரித்துக் கொடுக்கிற யார்டில் பதினோரு வருஷமாக இதே வேலை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய் ஒரு சட்டி வெந்நீர் ஊற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் வருவாள். போனால் சோறு வடிக்கிற வேலை காத்து நிற்கும்.

சந்துக்குள் திரும்பும்போது, செத்துப்போன அம்மாவின் குரல் கேட்டது.

"படியக் கவுத்துக் காட்டுய்யா! காட்டிட்டு அப்பால பேசு!"

மேரி அப்படியே நின்றாள். அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. குரல் வருவது மெர்சியின் வாயிலிருந்து என்று தெரியும்.

மெர்சி அவளுக்கு ஓரகத்தி. புருஷன் ஆசீர்வாதத்தின் தம்பி சாம்சனைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணூரிலிருந்து வந்தவள். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி, முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் தம்பி. அடுப்பு இரண்டு, துணி துவைக்கிற சிமெண்டுத் தரை ஒன்று. அந்தத் தரையில்தான் மெர்சி இப்போது இடுப்பில் கைவைத்து, முகவாயை ஒரு பக்கமாகத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். எதிரில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் மேரியின் மகள் ஏஞ்சல் உட்கார்ந்து, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, சத்தம் போடாத, வீடியோ ஓடுது" என்றாள் ஏஞ்சல், தாயைத் திரும்பிப் பாராமல்.

மேரி செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். வெந்நீர் வைக்கவில்லை. அரிசியைக் களைகிற சாக்கில் ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

கதை மேரியுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கடம்பத்தூருக்கு மேற்கே அவள் பிறந்த ஊரில், அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது. நடவுக்கூலி அப்போது நெல். பண்ணைக்காரர் வீட்டு அளவுப்படியால் அளந்து போடுவார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் படிக்குக் கைப்பிடி நெல் குறையும். எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் லூர்தம்மாள் சேற்றில் இறங்கி, நாற்றுமுடியைக் கையில் எடுத்துக்கொண்டு, படியைக் கவிழ்த்துக் காட்டு என்று சொல்லிவிட்டு, நடாமல் நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து மற்ற முப்பத்தெட்டுப் பேரும் நின்றார்கள். வெயில் ஏறியது. கையில் நாற்று வாடியது. ஒருத்தியும் குனியவில்லை, கரையும் ஏறவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்குப் பண்ணைக்காரரே படியை எடுத்துவந்து வரப்பில் கவிழ்த்துத் தட்ட வேண்டியதாயிற்று. உள்ளே அடியில் உருக்கி ஊற்றியிருந்த மெழுகு, வட்டமாக, பெயர்ந்து விழுந்தது. வரப்பில் கைக்குழந்தைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்த மேரி அதைக் கண்ணால் பார்த்தாள்.

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு. ஆசீர்வாதத்திடம் கல்யாணமான புதிதில் சொன்னாள், பாதியில் தூங்கிவிட்டான். ஏஞ்சலிடம் சொன்னபோது, "இத்தயே எத்தினி தபா சொல்லுவ" என்றாள். மெர்சிதான் கேட்டாள். கீரை ஆயும்போது, சென்னாங்குனிக் கருவாடு புடைக்கும்போது, கரண்ட் போன நேரத்தில் என்று, "அப்புறம் இன்னாக்கா ஆச்சு, ஒங்கம்மா இன்னா சொன்னாங்கோ" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மார்கழியில் திருவள்ளூரிலிருந்து இளமதி என்ற பெண் பங்குக்கோயில் கூடத்துக்கு வந்தாள். பெண்கள் வரலாற்றுக் குழு என்று ஒன்று வைத்திருந்தாள்.

"ராணிங்க கதையெல்லாம் புஸ்தகத்துல வந்தாச்சு. உப்பளத்துல நின்னவங்க, சூளையில கல்லு தூக்குனவங்க, சேத்துல நின்னவங்க கதைய யார் சொல்றது? நீங்கதான் சொல்லணும். அவங்க கட்டுன மாதிரி புடவை கட்டி, அவங்களாவே மாறி, தனியாளா இருபது நிமிஷம் நிக்கணும். நல்லா வர்ற ஒருத்தரை நாங்க ஒரு வருஷத்துக்கு வேலைக்கே எடுத்துக்கறோம். மாவட்டம் பூரா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய் நடிக்கலாம். மாசச் சம்பளம் உண்டு."

மேரிதான் முதலில் எழுந்தாள். நெஞ்சு நிமிர்த்தித்தான் போனாள். நாற்பது பேர் முகம் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எங்கம்மா பேரு லூர்தம்மாள். ஊரு கடம்பத்தூர் பக்கம்" என்று தாலுகா ஆபீசில் மனு வாசிக்கிற மாதிரி இரண்டு வரி வந்தது. அதற்குமேல் வரவில்லை. "என்னால ஆவாதும்மா" என்று வந்து உட்கார்ந்தாள்.

துணைக்கு வந்திருந்த மெர்சி, "நான் சொல்லட்டாக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்ல முடியும்? சரி என்றாள்.

மெர்சி எழுந்தாள். புடவையைத் தூக்கிச் சொருகினாள். இடுப்பில் கை வைத்தாள். முகவாய் ஒரு பக்கம் ஏறியது. கூடத்தில் லூர்தம்மாள் நின்றாள். மெர்சி அம்மாவைப் பார்த்ததில்லை. ஒரு போட்டோகூட வீட்டில் கிடையாது. எங்கிருந்து எடுத்தாள் என்று மேரிக்குப் புரியவே இல்லை. கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். இளமதி கைதட்டியபடியே எழுந்து நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக மேரியின் நெஞ்சில் ஒரு முள் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா தண்ணிக் குடத்தோடு போகும்போது, "இன்னா லூர்தம்மா, லாரி வந்துச்சா?" என்று மெர்சியைக் கேட்கிறாள். மெர்சியும் சிரித்துக்கொண்டு, "வந்துச்சு, கவுத்துக் காட்டச் சொல்லு, அடியில மெழுகு இருக்கும்" என்கிறாள். சந்தே சிரிக்கிறது. லூர்தம்மாளின் வயிற்றில் பிறந்தவள் கையில் காலிக் குடத்தோடு பின்னால் நிற்கிறாள்.

ஆசீர்வாதம் இருக்கிறானே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "எம் மாமியா போயி நிம்மதியா கீறோம்னு நெனச்சேன். இப்ப எந்தம்பி ஊட்லயே வந்து குந்திக்கினா. டேய் சாம்சா, உன் பொண்டாட்டியே எனக்கு மாமியாடா" என்று குடிக்காமலே உளறினான். மெர்சி ஒத்திகை பார்த்தபோது, டிவி பெட்டியைத் தவிர எதையும் கண்கொண்டு பார்க்காதவன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று கடைசிவரை பார்த்தான். "மேரி, உங்கம்மா இவ்ளோ பெரிய ஆளா? நீ சொல்லவே இல்ல" என்றான்.

"சொன்னேன். நீ கொறட்ட உட்ட."

"நீ சொன்ன மாதிரி சொன்னா செத்தவனும் கொறட்ட உடுவான்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அன்று ராத்திரி மேரி சோறு தின்னவில்லை.

*

பெரிய அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கடம்பத்தூர் பக்கத்துச் சமுதாயக்கூடத்தில், லூர்தம்மாளின் ஊரிலிருந்தே பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து நடத்துவது என்று இளமதி ஏற்பாடு செய்திருந்தாள். பொன்னேரிப் பக்கம் ஒருத்தி உப்பளக் கதை, இன்னொருத்தி செங்கல் சூளைக் கதை, மெர்சி நடவுக் கதை. மூன்றில் ஒன்றை அங்கேயே எடுப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மெர்சி முன்பக்க வாசலில் வந்து நின்றாள். கேட்கத் தயங்கினால் கட்டைவிரல் நகத்தைக் கடிப்பாள்.

"அக்கா, ஒங்கம்மா பொடவ ஒண்ணு வெச்சிகினு கீறன்னு சொன்னியே."

"இன்னாத்துக்கு?"

"ஒரே ஒரு நாளு. கடம்பத்தூர்ல மட்டும். அவங்க ஊரு சனம் பாக்கும்ல."

டிரங்குப் பெட்டியில் அடியில் இருந்தது. கத்தரிப்பூ நிறம், வெளுத்து, கரைக்குப் பக்கத்தில் சேற்றுக்கறை போகாமல். மேரி எடுத்தாள். தராமல் இருக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை.

"கட்டி உடுக்கா, எனக்கு நடவுக்கட்டு வராது."

மேரி கட்டிவிட்டாள். முழங்காலுக்கு மேலே ஏற்றி, முந்தியை இடுப்பைச் சுற்றி இறுக்கி, கொசுவத்தைப் பின்னால் வாங்கிச் சொருகினாள். தப்பாகக் கட்டலாம் என்று மனசு சொன்னது, விரல் கேட்கவில்லை. பதினோரு வயசிலிருந்து கல்யாணமாகிற இருபது வயசுவரை ஒன்பது வருஷம் அவளே அப்படிக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் சேற்றில் நின்றவள். கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். ஏஞ்சல் ஓடிவந்து மெர்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தி, நீ எங்க ஆயாவேதான். நான் பாத்ததே இல்ல, ஆனா நீதான்."

"உங்கம்மாகிட்ட சொல்லு, அதுதான் கட்டி உட்டுச்சு" என்றாள் மெர்சி.

ஏஞ்சல் சொல்லவில்லை. போனை எடுத்து மெர்சியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். "யம்மா, கொஞ்சம் ஓரம் போயேன், நீ உள்ள விழற."

மேரி ஓரம் போனாள்.

"அக்கா, நடவு மட்டும் பாத்து சொல்லு" என்றாள் மெர்சி. "மத்த எல்லாம் நீ சொன்னது. இது மட்டும் நான் ரயிலு சன்னல்ல பாத்தது."

கீரைக்கட்டு ஒன்றை இடதுகையில் நாற்றுமுடியாகப் பிடித்தாள். வலதுகையால் பிரித்தாள், குனிந்தாள், சிமெண்டுத் தரையில் ஊன்றினாள். நாலு ஊன்றியதும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

முன்னால் வைத்தாள்.

மேரியின் கண் அந்தக் காலிலேயே நின்றது. இன்னும் நாலு ஊன்றினாள், இன்னொரு அடி முன்னால். மெர்சி பார்த்ததெல்லாம் நடவு மெஷின்தான். அது முன்னால் ஓடும். நாற்றைப் பின்னால் நட்டுவிட்டுப் போகும். ஆளாக நடுகிறவள் பின்னால்தான் போகவேண்டும். முன்னால் போனால் நட்ட நாற்றை நட்டவளே மிதிப்பாள். நடவு தெரிந்தவளுக்கு இதைச் சொல்லித்தரக்கூட வேண்டாம், சேறே சொல்லித்தந்துவிடும். மேரி முதல்நாள் வயலில் இறங்கியபோது தெரியாமல் ஒரு அடி முன்னால் வைத்தாள். லூர்தம்மாள் சேற்றுக்கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். அந்த விஷயத்தை மட்டும் மேரி யாரிடமும் சொன்னதில்லை.

"இப்டித்தானேக்கா?" மெர்சி நிமிர்ந்து கேட்டாள். நெற்றியில் வியர்வை. கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை.

"ஆமா" என்றாள் மேரி.

"செரியா கீதா?"

"செரியாத்தான் கீது."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போய்க் கிளறினாள்.

*

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். திங்கள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைத்தாள். செவ்வாய் நினைத்தாள். புதன்கிழமை சாம்சன் வந்து படியில் உட்கார்ந்தான். கொழுந்தன் அதிகம் பேசுகிறவன் இல்லை. லோடுவண்டி ஓட்டுகிறவன்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இது அவளுக்குக் கெடச்சிடும்ல?"

"என்னக் கேட்டா? இளமதி கையில கீது."

"அந்தப் பவுடர் கம்பெனிய உட்டுடுவா அண்ணி. மூட்ட கட்டுறாளே, அந்தத் தூசு. டாக்டர் ரெண்டு தபா சொல்ட்டாரு, அங்க போவாதன்னு. மாஸ்க் குடுன்னா கர்ச்சீப் கட்டிக்கோன்றான் சூப்ரவைசரு. ராவெல்லாம் இருமிகினே கீறா. ஒனக்குக் கேக்குதுதானே?"

கேட்கிறது. நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர்.

"இது கெடச்சா ஒரு வருசம் மூச்சு உடுவா. எல்லாம் ஒன்னாலதான் அண்ணி. நீ உங்கம்மா கதையக் குடுக்கலன்னா இவளுக்கு இன்னா கீது?" அவன் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டான். "அவளே சொல்லுவா. எங்கக்கா பெரிய மனசுன்னு."

மேரி எழுந்தாள். இப்போதே பின்பக்கம் போய்ச் சொல்லிவிடவேண்டும். பின்னால போவணும்டி, முன்னால இல்ல. அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிகிற பேச்சு.

பின்பக்கத்தில் ஏஞ்சலும் மெர்சியும் எதிரெதிரே உட்கார்ந்து சென்னாங்குனி வறுத்ததைப் போட்டுப் பிசைந்த சோற்றை ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தார்கள். ஏஞ்சல் காலேஜில் தமிழ் மிஸ்ஸிடம் பேசியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டு ஆளப் பத்தி எழுதுன்னாங்கோ சித்தி. நான் உன்னப் பத்தி எழுதிட்டேன். மிஸ்ஸு கிளாஸ்ல படிச்சாங்கோ."

"உங்கம்மாவப் பத்தி எழுதக்கூடாதா? ஒரு நாளக்கி எத்தினி டன்னு இரும்பு பிரிக்குது."

"அம்மாவப் பத்தி இன்னா சித்தி எழுதறது? வேலைக்கிப் போவும், வரும்."

மேரி திரும்பி நடந்தாள். யாரும் அவள் வந்ததைப் பார்க்கவில்லை.

*

சனிக்கிழமை அவள் யார்டுக்கு லீவு சொன்னாள். போகாமல் இருக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, பேசின்பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் ரயில் பிடித்தார்கள். மெர்சி மடியில் பையை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தபடியே வந்தாள். திருநின்றவூர் தாண்டியதும், "அக்கா, வயிறு கலக்குது" என்றாள்.

"நாஷ்டா துன்னல இல்ல, அதான்."

"நீ கூட வரன்னதும்தான் தெம்பே வந்துச்சு." மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது. மேரி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு வயலில் மெஷின் நடவு போட்டுக்கொண்டு முன்னால் போனது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

சமுதாயக்கூடத்தில் அறுபது, எழுபது பெண்கள். பாதிக்குமேல் கிழவிகள். வெற்றிலை வாய், வெடித்த குதிகால். மின்விசிறி மூன்றில் ஒன்றுதான் சுற்றியது. மேரி கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்தாள். தெரிந்த முகங்கள் இருந்தன. தெரியாத மாதிரி முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

பொன்னேரிக்காரி உப்பளக் கதையைச் சொன்னாள். பரவாயில்லை என்கிற மாதிரி கைதட்டினார்கள். சூளைக்காரிக்கு மைக் கரகரத்தது. அப்புறம் மெர்சி வந்தாள்.

வந்ததுமே கூடம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு கிழவி நெஞ்சில் கைவைத்து, "ஏ ஆண்டவரே, லூர்தா" என்றாள் சத்தமாக. மெர்சி வாயைத் திறந்தாள். சத்தியமாக நன்றாக இருந்தது. விடியற்காலையில் எழுந்து கூழ் குடித்ததைச் சொன்னாள், பிள்ளையை வரப்பில் போட்டதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கிழவிகள், "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். மேரிக்கே ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோய் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்புறம் மெர்சி நாற்றுமுடியை எடுத்தாள். உண்மையான நாற்று, இளமதி வயலிலிருந்து வாங்கி வைத்திருந்தாள். குனிந்தாள். நட்டாள். ஒரு அடி முன்னால் வைத்தாள்.

கிழவிகள் தலையாட்டுவதை நிறுத்தினார்கள்.

இன்னொரு அடி. கீழே போட்ட நாற்று அவள் பாதத்துக்கடியில் நசுங்கியது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"இன்னாமே, நட்டத நீயே மிதிச்சிகினு போற!"

"ஆட்ட மாட்ட உட வேணாம், இவளே போதும்."

"கூலிக்கு நிக்கலமே இவ, கொல்லைய அழிக்க வந்துகீறா!"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கெட்ட சிரிப்பு இல்லை அது; வேலை தெரிந்தவர்கள் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் மேடையில் நின்றவள் வெறும் மெர்சியாகிவிட்டாள். கையில் நாற்றோடு, எண்ணூர்க்காரி, முப்பத்தாறு வயசு, கம்பெனிக் கான்ட்ராக்ட் கூலி. அடுத்த வரி வாயில் வரவில்லை. இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் பாதிப்பேர் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

முன்வரிசைக் கிழவி எழுந்து மேடை ஏறினாள். மணியம்மாள். முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தி. நாற்றை வாங்கி, குனிந்து, ஊன்றி, காலைப் பின்னால் வாங்கிக் காட்டினாள். "இப்டிமே. பின்னால போவணும். வாய் மட்டும் லூர்தா மாதிரி கீது, காலு யாரு காலு? யாரு கத்துக்குடுத்தது ஒனக்கு?" நிமிர்ந்தவள் கூடத்தை ஒருதரம் பார்த்தாள். தூணடியில் கண் நின்றது. "அடியே, அங்க குந்திகினு கீறது லூர்தா பொண்ணு மேரி இல்ல? எங்கூட ஒரே மொனையில, பக்கத்துல நின்னு நட்டவளாச்சே நீ! இவ இப்டி ஆடறாளே, நீ பாத்து சொல்லக்கூடாதா?"

எழுபது தலையும் திரும்பின.

மேரி வாயைத் திறந்தாள். பங்குக்கோயில் கூடத்தில் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு.

"அக்காவ நான் கேக்கல பெரிம்மா" என்றது மைக். மெர்சி. குரல் கம்மியிருந்தது. "அது வேலைக்குப் போயிட்டு வந்து அசந்து கெடக்கும். நானே ரயில்லேந்து மெஷினப் பாத்து பழகிக்கினேன். தப்பு எம்மேலதான். அக்காவுக்குத் தெரியாது."

மணியம்மாள், "அதானே" என்றாள். "லூர்தா பெத்தது தெரிஞ்சிகினு சும்மாவா இருக்கும்."

மெர்சி மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். படியைக் கவிழ்க்கிற இடத்தில், எல்லாரும் மூச்சைப் பிடிக்கவேண்டிய இடத்தில், பின்வரிசையில் ஒருத்தி, "மெழுகு விழுந்தா அதையும் மிதிச்சிறப் போறா" என்றாள். மறுபடி சிரிப்பு.

இளமதி பொன்னேரிக்காரியை எடுத்தாள். மெர்சியைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டுப் பேசினாள். "அவங்க வேலையவே நாம தப்பாக் காட்டிட்டா, சரித்திரம்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம் மெர்சி? எனக்கும் தெரியல பாருங்க, அது என் தப்பும்தான். நடவுக் கதைய இந்த வருஷம் விட்டுடுவோம்." மேரி இரண்டடி தள்ளி நின்று கேட்டாள். நடவுக் கதையை விட்டுவிடுவோம் என்றால் லூர்தம்மாளை விட்டுவிடுவோம் என்று அர்த்தம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்தப் பிள்ளைக்கும் அவள் பேர் தெரியப்போவதில்லை. அதை அப்போதுதான் மேரி யோசித்தாள்.

கடம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. வெயிலில் பிளாட்பாரம் தகித்தது. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மேரி இரண்டு டீ வாங்கிவந்தாள். மெர்சி குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம பர்ஸ்ட் ஷிப்டு போட்டுருக்கான்" என்றாள்.

"லீவு போடு."

"போட்டா வேலக் கார்டயே எடுத்துடுவான்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் கேட்டேன்லக்கா. அன்னிக்கு. தரையில."

மேரி தன் டீயை ஊதினாள்.

"நீ அசதில செரியா பாக்காம சொல்லிட்ட. எனக்குத் தெரியும். காலையில எட்டு மணிக்குக் குனியற ஆளு. நான்தான் ரெண்டாந்தபா காட்டியிருக்கணும்."

"மெர்சி..."

"ஒண்ணு சொல்லட்டா? எல்லாரும் கேப்பாங்கோ, லூர்தம்மாவ நீ எப்டி இப்டி செய்யறன்னு. நான் எங்க அவங்களப் பாத்தேன்? ஒன்னப் பாத்துதான் செஞ்சேன். கிறிஸ்டினாகிட்ட தண்ணிக்குச் சண்ட போடுவியே, இடுப்புல கை வெச்சிகினு, மொகவாய தூக்கிகினு. அதான். மொத்தமும் நீதான்க்கா. நீ நடறத மட்டும் நான் பாத்ததில்ல. அத பாத்திருந்தா அதயும் எடுத்திருப்பேன்."

ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. மெர்சி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறி, ஒரே ஒரு இடம் கிடைத்ததும், "நீ குந்துக்கா, ஒனக்குக் கை வலிக்கும்" என்று மேரியைத் தள்ளி உட்காரவைத்தாள். தான் நின்றாள். பேசின்பிரிட்ஜ் வரைக்கும் நின்றாள். அங்கே மாறி, கும்மிடிப்பூண்டி வரைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். பேச ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. மேரி பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு மெர்சி கர்ச்சீப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்குப் போனாள். மேரி வாசலில் கோலப்பொடியோ தண்ணீரோ இல்லாமல் வெறுமனே நின்று பார்த்தாள். அதற்கப்புறம் பல திங்கட்கிழமைகள் போய்விட்டன. நீ தப்பாக நடுவதை நான் பார்த்தேன், தெரிந்தேதான் சரியென்று சொன்னேன், பொறாமையில் சொன்னேன் என்ற பேச்சு மெர்சிக்கு மேரி தரவேண்டியது. இன்னும் தரவில்லை.